தலைமன்னார்க் கடலும் துணிப் பிராணிகளும்

மன்னார்த் தீவின் வடமேற்கு முனையிலே, இலங்கை மண் முடிந்து இராமர் அணையின் மணற்றிட்டுக்கள் தொடங்கும் இடத்திலே அமைந்திருக்கிறது தலைமன்னார். 1914ஆம் ஆண்டு முதல் இந்தியா செல்வோர் புகையிரதத்தை விட்டிறங்கிக் கப்பலேறிய துறை இதுவே. 1964 டிசெம்பர்ப் புயல் எதிர்க்கரைத் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் வந்த உள்நாட்டுப் போர் கப்பலையும் புகையிரதத்தையும் நிறுத்திற்று. 2015இல் புகையிரதம் மீண்டும் இறங்குதுறை வரை வந்தது. ஆனால் இக்கடலின் பழங்குடியாகிய கடற்பசு அவ்வளவு எளிதில் திரும்பி வருவதாயில்லை.

கடற்புல்லை மேய்ந்து, குட்டிக்குப் பாலூட்டி வாழும் சாதுப் பிராணி அது. 1560இல் மன்னார்க் கரையோரம் ஏழு 'கடற்கன்னியர்' பிடிபட்டனர் என்றும், கோவாவின் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் வைத்தியர் அவற்றை அறுத்துச் சோதித்தார் என்றும் பழங்குறிப்பொன்று உண்டு. அவை கடற்பசுக்களாகவே இருத்தல் வேண்டும் என்பர். 1842இல் நியூயோர்க் நகரில் பார்ணம் என்பார், குரங்குடலும் மீன்வாலும் பொருத்தப்பட்ட உருவொன்றைக் கடற்கன்னி என்று காட்டிப் பணம் திரட்டினார். விசித்திரப் பிராணியின் உடலைக் கண்ணெதிரே வைத்துப் பார்க்கும் ஆசை மனிதனை விட்டபாடில்லை.

அவ்வாசையின் மற்றொரு வடிவமே வேட்டை விலங்கின் தலையைச் சுவரில் மாட்டுவது. மைசூரில் 1900 முதல் 1999 வரை நடைபெற்ற வான் இங்கன் நிறுவனம் இத்தொழிலில் பேர்பெற்றது. காகிதக்கூழால் உருவம் செய்து, பதப்படுத்திய தோலை அதன்மேற் போர்த்துவது அவர்கள் முறை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அத்தொழிலின் வேரையே அறுத்தது.

இன்று மேனாடுகளில் சிலர் அதே உருவத்தின்மேல் தோலுக்குப் பதிலாகப் பூத்துணியையோ கம்பளித்துணியையோ போர்த்துகின்றனர். பூப்போட்ட மான்தலை! பார்ப்பவர் முதலிற் சிரிப்பர், பிறகு வியப்பர். விலையும் குறைவன்று. துணி மலிவுதானே என்று கேட்கலாம். தோல் உடலின் வளைவுக்கேற்ப வளர்ந்தது, துணியோ தட்டையானது. காது, கண்குழி, நாசி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வெட்டி, சுருக்கம் விழாமல் ஒட்டித் தைக்க வேண்டும். எனவே கொடுக்கும் விலை துணிக்கன்று, கைவேலைக்கு.

தமிழருக்கு இது முற்றிலும் புதிதுமன்று. தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை என்ன? கூட்டின்மேல் வண்ணத்துணி போர்த்திய குதிரைதானே! உயிர்க்குதிரை எதுவும் அதற்காக மாண்டதில்லை.

கடற்பசுவின் கணக்கோ வேறு. பதின்மூன்று மாதங்களுக்குக் குறையாமற் சூல்கொண்டு ஒரு குட்டியே ஈனும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் செல்லும். இறைச்சிக்காகக் கொல்லப்பட்டதாலும் வலைகளிற் சிக்கியதாலும் அதன் இனம் அருகிவிட்டது. இன்று இரு நாட்டுச் சட்டங்களும் அதனைக் காக்கின்றன. 2022இல் தமிழ்நாடு அரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர்ப் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக்கியது.

மாணவர்களே, விடுமுறையிலே பழஞ்சேலைத் துண்டுகளைக் கொண்டு ஒரு கடற்பசுவைச் செய்து பாருங்கள். உங்கள் உழைப்பன்றி வேறு செலவில்லை. சுவரை அது அலங்கரிக்கட்டும். உண்மையான கடற்பசு தலைமன்னார்க் கடலின் புல்வெளியில் மேயட்டும்.