கார்பனுக்கு எப்படித் தெரியும்?

பிளஸ் ஒன் வேதியியலில் பிணைப்புப் பாடம் வந்துவிட்டால் கரும்பலகை முழுக்கக் கட்டங்கள்தான். கார்பனின் 2எஸ் கட்டத்தில் இரண்டு அம்புகள், 2பி கட்டங்கள் இரண்டில் ஒவ்வொன்று, மூன்றாவது காலி. எஸ்-இல் இருக்கும் ஓர் அம்பை அழித்து அந்தக் காலிக் கட்டத்துக்கு ஏற்றுவோம். பிறகு நான்கையும் சுற்றி ஒரு வளையம் போட்டு, ‘எஸ்பி3 இனக்கலப்பு’ என்று எழுதுவோம். மீத்தேன் வந்துவிடும்: ஒரே மாதிரியான நான்கு பிணைப்புகள், இடையே 109.5 டிகிரி கோணம்.

இதை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். “மிஸ், வரப்போறது நாலு ஹைட்ரஜன்னு கார்பனுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்? தெரிஞ்சாத்தானே தயாரா இருக்க முடியும்?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பாடத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

கார்பனுக்கு எதுவும் தெரியாது. முதலில் எலக்ட்ரானை ஏற்றி, அடுத்து கலந்து, கடைசியில் பிணைப்பது என்ற வரிசை எந்த அணுவுக்குள்ளும் நடப்பதில்லை. அது லைனஸ் பாலிங் 1931-இல் தாளில் செய்த வேலை. இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் ஜோடியைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று 1916-இலேயே லூயிஸ் சொல்லிவிட்டார். அந்தப் பங்கீடு அணுக்களை ஏன் சேர்த்துப் பிடிக்கிறது என்பதை 1927-இல் ஹைட்லரும் லண்டனும் ஹைட்ரஜன் மூலக்கூறுக்குக் குவாண்டம் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கார்பனில்தான் சிக்கல். பி ஆர்பிட்டால்கள் ஒன்றுக்கொன்று செங்குத்து. எஸ்-க்குத் திசையே கிடையாது. மீத்தேனோ அழகான நான்முகி. பாலிங் அந்த நான்கு அலைச்சார்புகளையும் சரியான விகிதத்தில் கூட்டிக் கழித்தார். நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கும் நான்கு சமமான சார்புகள் கிடைத்தன. அவ்வளவுதான் இனக்கலப்பு. ஆர்பிட்டால்களை இப்படிப் பிரித்து எழுதினாலும் வேறுவிதமாகப் பிரித்து எழுதினாலும் மொத்த எலக்ட்ரான் மேகம் ஒன்றுதான்.

இதைச் சொல்லாமல் விடுவதால் வரும் குழப்பம் சிறியதல்ல. நான்கு பிணைப்புகளும் ஒன்றுபோல என்றால், மீத்தேனிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க ஒரே அளவு ஆற்றல்தானே ஆகவேண்டும்? ஒளி எலக்ட்ரான் நிறமாலையில் அளந்தால் இரண்டு பட்டைகள் வருகின்றன: ஒன்று ஏறத்தாழ 14 எலக்ட்ரான் வோல்ட், மற்றது 23. ஹண்டும் முல்லிக்கனும் வளர்த்த மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கைக்கு இது இயல்பான விடை. அங்கே மீத்தேனின் எட்டு இணைதிறன் எலக்ட்ரான்களும் மூலக்கூறு முழுவதும் பரவிய ஆர்பிட்டால்களில் இருக்கின்றன, ஆறு ஒரு மட்டத்தில், இரண்டு அதற்குக் கீழே. அப்படியென்றால் இனக்கலப்பு பொய்யா? இல்லை. எலக்ட்ரான் போன இடம் நான்கு பிணைப்புகளில் எதுவாகவும் இருக்கலாம் என்று அந்த நான்கு வாய்ப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், பாலிங்கின் வழியிலும் அதே இரண்டு பட்டைகள்தான் வரும்.

ஆனால் ஆக்சிஜனில் எனக்கு எந்த ஊசலாட்டமும் இல்லை. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பார்த்தது. திரவ நைட்ரஜனைப் பெரிய காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினார்கள். நேரே கீழே விழுந்து சிதறிப்போனது. அடுத்து திரவ ஆக்சிஜன். மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும், வெளிறிய நீல நிறத் திரவம். அது விழவில்லை. முனைகளுக்கு நடுவே பாலம்போல நின்று, புகைந்து, அங்கேயே கொதித்து ஆவியாகித் தீர்ந்தது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டூவர் 1891-இல் காட்டிய அதே பண்பு.

நாம் வரையும் ஆக்சிஜன் படத்தில் இரட்டைப் பிணைப்பு, எல்லா எலக்ட்ரான்களும் ஜோடி ஜோடியாக. ஜோடி சேர்ந்துவிட்டால் காந்தம் இழுக்க எதுவும் இல்லை. மூலக்கூறு ஆர்பிட்டால்களைக் கீழிருந்து நிரப்பிக்கொண்டே வந்தால், கடைசி இரண்டு எலக்ட்ரான்களுக்கும் சம ஆற்றலுள்ள இரண்டு எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்கள் கிடைக்கின்றன. ஹண்ட் விதிப்படி தனித்தனியாக உட்காருகின்றன. பாராகாந்தத் தன்மை வந்துவிட்டது. பிணைப்புத் தரமும் இரண்டாகவே இருக்கிறது. 1929-இல் லெனார்டு-ஜோன்ஸ் இதை விளக்கிய இடத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது.

அதோடு முடியவில்லை. நைட்ரஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுத்தால் பிணைப்பு சற்றே நீள்கிறது: 110 பைக்கோமீட்டர் 112 ஆகிறது. ஆக்சிஜனில் எடுத்தால் 121 ஆக இருந்தது 112 ஆகக் குறுகுகிறது! ஒன்றைப் பறித்ததும் பிணைப்பு வலுவாகிறது. ஏனென்றால் போனது எதிர்பிணைப்பு எலக்ட்ரான். இந்த அயனி ஏதோ தாளில் மட்டும் உள்ளதும் அல்ல. நீல் பார்ட்லெட் 1962-இல் அதை பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடுடன் சேர்ந்த திடமான உப்பாகவே இனம்கண்டார். ஆக்சிஜன் எலக்ட்ரானை இழக்கும் ஆற்றலும் செனான் இழக்கும் ஆற்றலும் ஏறத்தாழ ஒன்று என்பதைக் கவனித்த அவர், செனானையும் அதே பொருளோடு சேர்த்துப் பார்த்தார். மந்த வாயுவின் முதல் சேர்மம் அப்படித்தான் பிறந்தது.

வடிவத்தைச் சொல்ல இனக்கலப்பைப்போல வசதியானது எதுவும் இல்லை; கரிம வேதியியலை அது இல்லாமல் நடத்த நான் துணியமாட்டேன். ஒளி, காந்தம், எலக்ட்ரான் இழப்பு என்று வந்தால் மூலக்கூறு ஆர்பிட்டால்தான் நேர்வழி. இரண்டையும் தேர்வுக்கான தனித்தனி ஐந்து மதிப்பெண் வினாக்களாக மட்டும் பிள்ளைகளிடம் கொடுப்பது நியாயமில்லை.

உடன் பணியாற்றும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டங்களை வரையுங்கள், அம்பையும் ஏற்றுங்கள். அத்தோடு, இது நாம் போடும் கணக்கு, அணு செய்யும் வேலை இல்லை என்ற ஒரு வரியையும் பலகையில் எழுதுங்கள். திரவ ஆக்சிஜன் காந்தத்தில் நிற்கும் காட்சியைக் காணொளியிலாவது காட்டிவிட்டு, அதற்குப் பிறகு ஆற்றல் மட்ட வரைபடத்தைத் தொடங்குங்கள்.