மூன்று விநாடி

சென்ற வாரம் ஓர் இளம் ஆசிரியர் போன் செய்தார். என்னிடம் படித்தவர், இப்போது அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அமெரிக்காவில் ஆறு வாரம் பயிற்சி தரும் ஃபுல்பிரைட் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டார். "நீங்க போய்ட்டு வந்தவங்கதானே சார், சொல்லுங்க" என்றார். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டேன். போ என்று உடனே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. ஏன் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தத் திட்டங்களுக்கு எல்லாம் மூலம் ஃபுல்பிரைட் என்ற செனட்டர். அர்கன்சா மாநிலத்துக்காரர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வெளிநாடுகளில் கிடந்த அமெரிக்க ராணுவத் தளவாடங்களை விற்ற பணத்தில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாடு விட்டு நாடு அனுப்பலாம் என்று சட்டம் கொண்டுவந்தார். 1946 ஆகஸ்டில் ட்ரூமன் கையெழுத்திட்டார். இந்தியாவோடு ஒப்பந்தம் 1950 பிப்ரவரியில் ஆனது. பின்னால் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே சில திட்டங்கள் வந்தன. நான் போனது அப்படி ஒன்று. 2006இல் தொடங்கியது. பல நாட்டு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களை ஒரு செமஸ்டர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உட்கார வைத்து, பக்கத்துப் பள்ளி ஒன்றிலும் வேலை பழக விடுவார்கள். செலவு அமெரிக்க வெளியுறவுத் துறையுடையது.

எனக்கு அழைப்பு வந்தது 2010க்கு. ஜனவரி முதல் மே வரை. மாதங்களைக் கவனியுங்கள். நம் ஊரில் மார்ச் என்றால் பிளஸ் டூ பொதுத்தேர்வு.

அப்போது நான் திருநெல்வேலிப் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் 62 பேர். "பாடம் முடிச்சாச்சு, திருப்புதல் மட்டும்தானே பாக்கி" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் ஒரு தற்காலிக ஆசிரியை வந்தார். பி.எட். முடித்த கையோடு வந்தவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மனைவி மட்டும் ஒரு தடவை கேட்டாள். "பரீட்சை நேரமாச்சேங்க, பிள்ளைங்க என்ன செய்யும்?" நான் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஓஹையோவில் இறங்கிய அன்று முழங்கால் அளவு பனி. அறைத்தோழர் கென்யாக்காரர், அவரும் கணக்கு வாத்தியார். அவர் வகுப்பில் 70 பேர் என்றதும் எங்களுக்குள் நட்பாகிவிட்டது. வாரத்தில் சில நாள் ஒரு பள்ளிக்குப் போவேன். அங்கே மணி அடித்தால் ஆசிரியர் நகர்வதில்லை, பிள்ளைகள்தான் அறை மாறி வருகிறார்கள். வகுப்புக்கு இருபத்துச் சொச்சம் பேர், எல்லார் கையிலும் வரைபடம் காட்டும் கால்குலேட்டர். ஏழெட்டு ஐம்பத்தாறுக்கும் அதைத் தட்டும் பையன்களைப் பார்த்தபோது நம் வாய்ப்பாட்டின் அருமை தெரிந்தது. இதைச் சொன்னதும் அந்த ஊர் ஆசிரியை சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பின்வரிசையில் இருக்கும் எனக்கே நெளியும், விடையை நானே சொல்லிவிடலாமா என்று இருக்கும். அவர் அசையமாட்டார். பிறகு ஏதாவது ஒரு மூலையிலிருந்து, எதிர்பாராத பிள்ளையிடமிருந்து பதில் வரும். என்ன செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். மனசுக்குள் எண்ணுகிறேன் என்றார். ஒன்று மிசிசிப்பி, இரண்டு மிசிசிப்பி, மூன்று மிசிசிப்பி. அந்த ஊரில் விநாடி எண்ணும் விதம் அது.

பல்கலைக்கழக வகுப்பில் இதற்கு விளக்கம் கிடைத்தது. மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970களிலேயே ஆராய்ந்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான். மூன்று விநாடி ஆக்கினால் பதில்கள் நீள்கின்றன, "தெரியாது" குறைகிறது. மாணவர் பதில் சொன்ன பிறகும் அதேபோல் ஒரு காத்திருப்பு வேண்டும் என்கிறார். நெஞ்சில் தைத்தது இன்னொன்று: கெட்டிக்காரர் என்று நினைக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் அதிக நேரம் கொடுக்கிறார், மட்டம் என்று நினைக்கும் பிள்ளையைச் சீக்கிரம் விட்டுவிடுகிறார்.

என் வகுப்பு மூன்றாம் பெஞ்சுப் பெண் ஒருத்தி கண்முன் வந்தாள். பெயர் வேண்டாம். அம்மா பீடி சுற்றுபவர். கேட்டால் எழுந்து நிற்பாள், உதடு அசையும். அதற்குள் நான் "உக்காரு, அடுத்து" என்பேன். அந்த வருடம் முழுக்க அவளை எத்தனை முறை உட்கார வைத்தேனோ.

தேர்வு முடிவு வந்தபோது எங்களுக்கு முந்தின இரவு பதினொன்றரை மணி. கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். கணக்கில் நான்கு பேர் தவறியிருந்தார்கள். அவளுக்கு 200க்கு 66. தேற வேண்டியது 70. ஓர் ஆறு மதிப்பெண் கணக்கு, அவ்வளவுதான். கென்யாக்காரர் தூக்கத்தில் புரண்டார். நான் விடியும்வரை படுக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். "நீங்க இருந்திருந்தா எம்புள்ள பாஸாயிருப்பா சார்" என்றார். குற்றம் சொல்லும் குரலே இல்லை. மரியாதையாகச் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான்கு பேரையும் துணைத் தேர்வுக்கு என் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தேன். முதல்நாள் அணிகள் பாடம். நேர்மாறு அணி காண முதலில் என்ன செய்யணும் என்று அவளிடம் கேட்டேன். எண்ணினேன். மூன்று போய், ஐந்தும் போனது. "சேர்ப்பு அணி கண்டுபிடிக்கணும் சார்" என்றாள். பழைய நானாக இருந்தால் "தப்பு" என்றிருப்பேன். இன்னும் எண்ணினேன். அவளே சொன்னாள்: "இல்ல சார். அணிக்கோவை மதிப்பு சைபரான்னு முதல்ல பாக்கணும். சைபர்னா நேர்மாறே கிடையாது."

அவளுக்குத் தெரிந்திருந்தது. வருடம் முழுக்கத் தெரிந்திருந்ததோ என்னவோ, நான் காத்திருக்கவில்லை.

தேறினாள். ஆனால் அவள் கேட்ட கல்லூரியில் சேர்க்கை முடிந்திருந்தது. ஒரு வருடம் அம்மாவோடு பீடி சுற்றிவிட்டு அடுத்த ஆண்டுதான் பி.எஸ்சி. சேர்ந்தாள். அந்த ஒரு வருடத்தை யார் கணக்கில் எழுதுவது? பள்ளிக் கூட்டத்தில் இந்த மூன்று விநாடியைப் பற்றிப் பேசினேன். "62 பேருக்கும் நின்னா சிலபஸ் எப்ப சார் முடியும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஓய்வு பெறும்வரை எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். சில நாள் பாடம் முடியாமல் சனிக்கிழமை வகுப்பு வைத்ததும் உண்டு. நான் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் தேறியிருப்பாளா, அல்லது அவளை இன்னும் பல தடவை உட்கார வைத்திருப்பேனா, இரண்டுக்கும் என்னிடம் விடை இல்லை.

தம்பி, விண்ணப்பம் போடுங்கள். அவசியம் போய்ட்டு வாருங்கள். எந்த மாதங்கள் என்று மட்டும் முதலில் கேளுங்கள். பரீட்சை நேரமென்றால், கிளம்புவதற்கு முன் உங்கள் மூன்றாம் பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று ஒருதரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.