ஏரிக்கரை தந்த மருந்து

பழனி மலைத் தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கோடைக்கானல். மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்ச் துரையின் முயற்சியால் 1863-ஆம் ஆண்டில் உருவான ஏரியே இவ்வூரின் அணிகலன். அதனைச் சுற்றிச் செல்லும் பாதை ஏறக்குறைய 5 கிலோமீட்டர்.

வீட்டுக் கடன், பிள்ளைகளின் தேர்வு, அலுவலகத் தொல்லை ஆகியவற்றையும் பயண மூட்டைகளோடு சுமந்தே நாங்கள் மலையேறினோம். அதிகாலையில் ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கியபோதும் பேச்செல்லாம் அவற்றைப் பற்றியே. பாதி தொலைவு சென்றதும் பேச்சு தணிந்தது, மூச்சு சீரானது. நீர்மேல் தவழ்ந்த பனிமூட்டம் அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது!

இதில் வியப்பில்லை. கவலை மிகும்போது அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் பெருகுகின்றன, இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. நடையும் நிதானமான மூச்சும் அவ்விறுக்கத்தைத் தளர்த்துகின்றன. பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தாலே போதும்.

ஏரியை இல்லத்திற்குக் கொண்டுவர இயலாது. நடையைக் கொண்டுவரலாம் அன்றோ? மாலையில் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, கணவனும் மனைவியும் தெருக்கோடிவரை சேர்ந்து நடக்கட்டும். கடன் அதனால் குறையாது. அதைத் தாங்கும் தோள்கள் இரட்டிக்கும். வாரக்கணக்கில் உறக்கமின்றித் தவிப்போர் மட்டும் தயங்காது மருத்துவரை நாடுவாராக.