நாற்பது சிறு வீரர்களும் நான் கேட்காத கேள்வியும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர், பன்னிரண்டு வயதான என் மகனுக்கு ஒரு பெட்டியைப் பரிசளித்தார். மேசைமீது நடத்தும் போர் விளையாட்டுக்குரிய சிற்றுருவங்கள் அதில் இருந்தன. இடைக்கால அரபுக் காலாட்படையினர் நாற்பது பேர் என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. திறந்து பார்த்தால் முழு வீரர் ஒருவர்கூட இல்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் தலைகள் ஒருபுறமும், கைகள் ஒருபுறமும், வேல்களும் கேடயங்களும் மற்றொருபுறமுமாக ஒட்டிக்கொண்டிருந்தன. வெட்டியெடுத்து, ஒட்டி, நிற்க வைப்பது வாங்கியவரின் பொறுப்பு.

மகன் பெட்டியோடு என் அறை வாசலில் நின்றான். "வாப்பா, இது கூடுமா?" என்றான்.

மார்க்கம் கேட்கும் பிள்ளையைக் கண்டு மகிழ வேண்டிய தருணம் அது. எனக்கோ நெஞ்சு சுருக்கென்றது. அவனுடைய ஏழாம் வயதில் களிமண்ணால் ஒரு மிருகம் செய்து, காய்வதற்காக மாடத்தில் வைத்திருந்தான். மத்ரஸாவிலிருந்து களைத்து வந்த நான் அதை எடுத்து நசுக்கிக் குப்பையில் போட்டேன். "உருவம் கூடாது" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அவன் அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் கண்முன் அவன் எதையும் செய்ததில்லை.

உருவங்கள் குறித்த நபிமொழிகளின் எச்சரிக்கை கடுமையானது என்பதை நாம் அறிவோம். சிறுவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு உலமாக்களில் பலர் விலக்களித்துள்ளனர் என்பதையும், துல்லியமாக வார்க்கப்படும் இக்காலப் பொம்மைகளுக்கு அவ்விலக்கு பொருந்தாது என்று கூறுவோர் உண்டு என்பதையும் நான் ஓதியிருக்கிறேன். ஃபத்வா வழங்கும் தகுதி எனக்கில்லை. ஆகவே எனக்கு ஓதிக்கொடுத்த மூத்த ஹஜ்ரத் ஒருவரிடம் சென்று கேட்டேன். விளையாட்டுப் பொருளாகவே இருக்கட்டும், அலங்காரமாக அடுக்கி வைக்க வேண்டாம், ஆடி முடிந்ததும் பெட்டிக்குள் போகட்டும் என்றார். நாங்கள் அதையே ஏற்றுக்கொண்டோம். வாசகர்கள் தத்தம் உலமாக்களிடம் கேட்டறிவதே முறை.

மத்ரஸா விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்கும் அஸ்ருக்கும் இடையே வேலை நடந்தது. முதலில் கூரிய வெட்டுக்குறட்டால் பாகங்களைப் பிரித்தோம். அச்சின் இரு பாதிகள் சேருமிடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அதைக் கத்தியின் விளிம்பால் சுரண்டினோம். பசையிலும் பாடம் இருந்தது. நாம் வீட்டில் வைத்திருக்கும் உடனடிப் பசை, பாகங்களின் மேற்பரப்பில் மட்டுமே பற்றும். இவ்வகைப் பிளாஸ்டிக்குக்குரிய பசையோ இரு முனைகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடும். பிறகு பிரிக்க இயலாது. எனவே பசையிடுவதற்கு முன் வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கைக்குத் தோள் பொருந்துகிறதா என்று மகன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். முதல் வீரரை நான் அவசரப்பட்டு ஒட்டினேன். வானத்தைப் பார்த்தபடி நிற்கிறார், இன்றளவும்.

பன்னிரண்டு வீரர்கள் நின்றதும், "மார்க் போடுங்க வாப்பா" என்று குறிப்பேட்டை நீட்டினான். பாகங்களின் பொருத்தம், நுணுக்கம், வரலாற்று உண்மை என்று மூன்று தலைப்புகள் எழுதியிருந்தான். பொருத்தத்துக்கு ஏழு இட்டேன். சிலருடைய தோளில் இடைவெளி தெரிந்தது. நுணுக்கத்துக்கு நான்கு. வேல்கள் உலக்கைபோல் தடித்திருந்தன.

"ஏன் தடியா இருக்குன்னு கேக்கலையே?" என்றான். பிறகு கணக்குப் போட்டுக் காட்டினான். உருவத்தின் உயரம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். உண்மை மனிதனில் அறுபதில் ஒரு பங்கு. இரண்டரைச் சென்டிமீட்டர் பருமனுள்ள வேல் தண்டு அந்த அளவில் அரை மில்லிமீட்டர்கூட வராது. அப்படி வார்த்தால் விரல் பட்டதும் ஒடியும். நான் குறை என்று எழுதியது செய்தவரின் நிர்ப்பந்தம். நான்கை அடித்து ஏழாக்கினேன்.

வரலாற்றுக்கு என் முறை. பெட்டியோடு வந்த ஒட்டுப் படங்களில் கேடயங்களுக்கெல்லாம் பிறை போட்டிருந்தார்கள். பிறை முஸ்லிம்களின் பொது அடையாளமாகப் பரவியது உஸ்மானியர் காலத்தின் தாக்கத்தால். ஆரம்பகாலக் கொடிகள் கறுப்பு, வெள்ளை போன்ற எளிய நிறங்களைக் கொண்டவை. அப்பாஸியரின் நிறம் கறுப்பு. இதைச் சொன்னதும் அவன் பிறைகளை ஒதுக்கிவிட்டு வெற்றுக் கேடயங்களையே ஒட்டினான். பகடை உருட்டும் விதிகள் நமக்கு வேண்டாம் என்றும், பகடையில்லாத விதிகளை நாமே வகுப்போம் என்றும் பேசிக்கொண்டோம். இவ்விளையாட்டின் முன்னோடியை 1812இல் பிரஷ்யாவில் ஒரு தந்தை உருவாக்கினார் என்றும், 1824இல் அவருடைய மகனே அதைப் படை அதிகாரிகளுக்கேற்பச் செம்மைப்படுத்தினார் என்றும் அவன்தான் எனக்குச் சொன்னான்.

அவனுடைய அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே, துணியால் ஆன இறக்கைகளுடைய குதிரையொன்றைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அது என்னவென்று கேட்டார்கள். குதிரைக்கு இறக்கையா என்றும் கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வந்தபோது, கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். அபூதாவூதில் வரும் இச்செய்தியை எத்தனையோ முறை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். அதிலிருந்து சட்டத்தை எடுத்தேன். அவர்கள் முதலில் கேட்டார்கள் என்பதை எடுக்கத் தவறினேன்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம், பாகங்களை அடுக்கிக்கொண்டிருந்தவனிடம் ஐந்தாண்டு தாமதமாகக் கேட்டேன்: "அன்னைக்குக் களிமண்ணுல என்ன செஞ்சிருந்தே?"

தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "கஸ்வா. நீங்கதானே ஹிஜ்ரத் கதை சொன்னீங்க."

நபி (ஸல்) அவர்களின் ஒட்டகம். என் வாயிலிருந்து கேட்ட வரலாற்றையே அவன் கையால் பிசைந்திருக்கிறான். அதைக் களைவதுதான் சரியென்று அன்று நான் முடிவெடுத்திருந்தாலும், கேட்டுவிட்டு, அணைத்துவிட்டு, விளக்கிவிட்டுச் செய்திருக்கலாம்.

"மன்னிச்சிருடா" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. இருவரும் ஒளுச் செய்யப் போனோம். அடுத்த வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட அவனே வந்தான். இன்னும் இருபத்தெட்டு வீரர்கள் மீதமிருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளின் கைகளில் இருப்பதைப் பார்க்குமுன், அவர்களின் வாயிலிருந்து வருவதைக் கேட்கும் பொறுமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.