மணலில் மாட்டிய சக்கரம்!

பழவேற்காடு டிரிப் பிளான் ரெடியா பாஸ்? பொன்னேரி வரைக்கும் ட்ரெயின், அங்கிருந்து பஸ்... சிக்கனம்! 'ஃப்ரெண்டோட ஸ்போர்ட்ஸ் கார் இருக்கே, பறந்துடலாம்' என்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடம், எலும்புக்கூடு சிற்பங்கள் காவல் நிற்கும் டச்சுக் கல்லறை... இதுவரை நோ பிராப்ளம். சிக்கல், லைட்ஹவுஸ் குப்பம் மணலில் காரை இறக்கும்போதுதான். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றிக் குழி தோண்டும். இன்னொன்று சும்மா வேடிக்கை பார்க்கும்!

காரணம், டிஃபரன்ஷியல். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டுமே... அதற்காக இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும். ஆனால், திருகு விசையைச் சமமாகத்தான் பிரிக்கும். பொலபொல மணலில் நிற்கும் சக்கரத்தைச் சுற்றக் கொஞ்சம் விசை போதும். அதே 'கொஞ்சம்'தான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும். வண்டி எப்படி நகரும்?

ரேஸ் காருக்கும் இதே தலைவலி. ஆட்டோ யூனியன் காரில் 160 கி.மீ. வேகத்தில்கூட ஒரு பின்சக்கரம் தனியாகச் சுழல, 1935-ல் ஃபெர்டினாண்ட் போர்ஷே, இசட்.எஃப். நிறுவனத்திடம் தீர்வு கேட்டார். பிறந்தது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். இன்று பரவலாக இருக்கும் ஒரு வகையில், உள்ளே கிளட்ச் பிளேட் அடுக்கு இருக்கும். ஒரு பக்கம் தனியாக ஓடப் பார்த்தால் பிளேட்டுகள் உரசிப் பிடித்து, மறுபக்கத்துக்கும் விசை அனுப்பும்.

உரசினால் தேயும்தானே? அப்போதான் ரீபில்டு. பேரிங் மூடிகளில் இடது, வலது குறித்துவிட்டுக் கழற்ற வேண்டும். மாற்றிப் போடக் கூடாது. புது பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்து, ஷிம் போட்டு இறுக்கத்தைச் சரிசெய்து, கடைசியில் க்ரவுன் வீலுக்கும் பினியனுக்கும் உள்ள இடைவெளியை டயல் கேஜில் பார்ப்பார்கள். இம்மி பிசகினாலும் ஊளைச் சத்தம்தான்!

இங்கே இன்னொரு வில்லன், உப்புத் தண்ணீர். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் முங்கினால், சட்டென்று குளிர்ந்து, மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறினால், பேரிங்குக்குத் துருதான்.

இரண்டு சக்கரமும் புதைந்தால் லிமிடெட் ஸ்லிப்பும் கைவிரித்துவிடும். அப்புறம் டிராக்டரைத் தேட வேண்டியதுதான். அதில் 'டிஃப் லாக்' பெடலை மிதித்தால் இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு இழுக்கும்.

ஒண்ணு தெரியுமா? ஏரியில் வலை போடும் இடம் ஒருவருக்கே போய்விடாமல் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறை இந்த ஊர் மீனவர்களிடம் உண்டு. அவர்கள் வலை காயப்போடும் மணல் இது. ஜனவரி முதல் மார்ச் வரை கடல் ஆமைகள் முட்டையிடும் கரையும்கூட. உங்க டயர் சோதனைக்கு இந்த இடமா கிடைச்சது? காரை ரோட்டிலேயே நிறுத்திட்டு, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடங்க பாஸ்!