ஹற்றனுக்கு அப்பால் ஒரு வகுப்பறை

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகைவண்டி வட்டவளையைத் தாண்டியதும் குளிர்காற்று நம்மை எதிர்கொள்ளுகின்றது. தோட்டங்களின் விளைபொருளைத் துறைமுகம் சேர்ப்பதற்கென மலையைக் குடைந்து அமைத்த இப்பாதை, 1884ஆம் ஆண்டில் ஹற்றனை எட்டியது. ஹற்றனுக்கு அப்பால், இலங்கையின் மிக நீண்ட புகைவண்டிச் சுரங்கமாகிய சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்தால் கொட்டகலை. பயணிகள் பலர் மேலும் சென்று டெவன் நீர்வீழ்ச்சியைக் கண்டு களிப்பர். நாம் காணச் சென்றதோ தோட்டப் பாடசாலையொன்றின் மூன்றாம் வகுப்பு.

தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கீழே இருந்தன. ஓர் ஆசிரியர், ஓர் அறை என்பதே பல இடங்களில் நிலை. 1970களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்றும் காலையில் பெரட்டுக் களத்துக்குச் சென்று, மாலையில் கொழுந்துக் கூடையை இறக்கிவைக்கும் தாய்க்குப் பிள்ளையின் பாடத்தைப் பார்க்க நேரம் ஏது? வாசிப்பிற் பின்தங்கிய பிள்ளைக்கு ஆசிரியரை விட்டால் வேறு துணையில்லை.

நாம் சென்ற வேளையில் ஒரு சிறுவன் பாடப்புத்தகத்தை விரித்து, ஒரு பாடம் முழுவதையும் தடையின்றிச் சொன்னான். ஆசிரியை நடுவிலிருந்த சொல்லொன்றைத் தொட்டு, "இது என்ன, தம்பி?" என்றார். அவன் முதல் வரியிலிருந்து முணுமுணுத்து வந்து அச்சொல்லை அடைய முயன்றான்.

"நல்ல ஞாபகசக்தியுள்ள பிள்ளை, ஐயா. அதனாலேதான் இரண்டு வருஷமாக ஒருவருக்கும் தெரியாமற் போயிற்று" என்றார் ஆசிரியை.

அவனைக் கடியாமல், அவன் இடறும் இடத்தையே அவர் தேடினார். 'கல்', 'படம்' தடையின்றி வந்தன, 'செடி'யில் நின்றுவிட்டான். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு; நாவு முதலிற் சொல்லவேண்டியதோ சகர ஒலி. 'கொ' என்னும் எழுத்திலோ குறிகள் இருபுறமும் நிற்கின்றன. 247 எழுத்துக்களும் பழகிய நமக்கு இது பொருட்டன்று; குழந்தைக்கு இது பெரிய புதிர்.

அதே இடத்தில் இடறும் நால்வரை அவர் ஒன்றாக அமர்த்தினார். எழுத்து அட்டைகளால் சொற்களை ஆக்குவித்தார். அச்சிறுவன் வாய்மொழியாகச் சொன்ன 'கொழுந்து' என்னும் வீட்டுச் சொல்லையே எழுதி, அவனையே வாசிக்கச் செய்தார். பிழை வந்தபோது உடனே திருத்தாது, ஒரு பகுதியை விரலால் மறைத்துக் காட்டிப் பொறுமையாகக் காத்திருந்தார். பின்னர், யார் எந்த எழுத்தில் இடறினார் என்பதைக் குறிப்பேட்டிற் பதிந்தார். மறுநாட் பாடம் அங்கிருந்தே தொடங்கும். நாள்தோறும் இதற்குப் பத்து நிமிடமே செல்கின்றது.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலிற் சித்தியடைந்தோரின் தொகையைக் கொண்டே பாடசாலையை மதிப்பது நம்மவர் வழக்கம். அக்கணக்கில் இச்சிறுவன் போன்றோருக்கு இடமில்லை. ஆயினும், வாசிக்கத் தெரியாதவனுக்குக் கணிதமும் சுற்றாடலுங்கூட மூடிய கதவுகளே. அக்கதவைத் திறக்கும் அந்தப் பத்து நிமிடத்தை வேறு அலுவல்கள் பறித்துக்கொள்ளாமற் காப்பது அதிபர்களின் கடன்.

பெற்றோருக்கும் ஒரு சொல்: உங்கள் பிள்ளை பாடத்தை மளமளவென்று வாசித்தால் மகிழுங்கள்; மகிழ்ந்த பின்னர் நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள்.