போன் நம்பர் ஒரு நம்பரே இல்லீங்க

பி.காம் படிக்கிறவனுக்கு கம்ப்யூட்டர் வேலை எதுக்குன்னு கேக்காதீங்க. காலேஜ் முடிஞ்சு சாயங்காலம் காந்திபுரத்துல ஒரு சின்ன பைனான்ஸ் ஆபீசுக்குப் போறேன். தவணை கட்டாதவங்களுக்கு மெஷினே போன் பண்ணி, "வணக்கம் இன்னார், உங்கள் பாக்கி இவ்வளவு" என்று சொல்லும். பேர், தொகை, போன் நம்பர் மூணும் எக்செல்லில் இருந்து வரணும். அந்த லிஸ்ட்டைத் தயார் பண்றது என் வேலை.

முதல் நாளே மானம் போச்சு. எல்லா நம்பருக்கும் முன்னாடி 91 சேர்த்து 12 இலக்கமாக்கினேன். எக்செல் அதை 9.20ஈ+11 என்று சுருக்கிக் காட்டிச்சு. அப்படியே சி.எஸ்.வி.யா சேவ் பண்ணிட்டேன். கண்ணுக்குத் தெரியறதுதான் சேவ் ஆகும், மீதி இலக்கம் காலி. ஸ்கிரிப்ட் அதை விரிச்சு 92-க்கு அப்புறம் பத்து சைபர் போட்டு டயல் பண்ணியிருக்கு. 92 பாகிஸ்தானோட கோடு! நல்லவேளை, ஒண்ணும் போகல. ஓனர் லாக்கைப் பாத்துட்டு, "ஏந்தம்பி, அங்கயும் நமக்கு பார்ட்டி இருக்குதா?" ன்னார் :-)

அடுத்தது சைபர். கோயமுத்தூர் லேண்ட்லைனுக்கு 0422. எண்ணா வச்சா முன்னாடி இருக்கிற 0 பறந்துடும். அடுத்து குரல். திரும்பக் கூப்பிட வேண்டிய எங்க நம்பரை மெஷின் "தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு கோடியே..." என்று கூட்டல் கணக்கு மாதிரி வாசிச்சது. ஆபீஸ் மொத்தமும் சிரிச்சாங்க. ஆஸ்டரிஸ்க் மாதிரி சாஃப்ட்வேரில் எண்ணாகச் சொல்ல ஒரு கட்டளை, இலக்கம் இலக்கமாகச் சொல்ல இன்னொரு கட்டளைன்னு தனித்தனியாவே வச்சிருக்காங்க.

யோசிச்சா இது நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான். செக் நம்பரை யாராவது கூட்டுவாங்களா? வவுச்சர் நம்பருக்கு சராசரி போடுவாங்களா? கூட்டிக் கழிக்க முடியாதது எண் இல்ல, பேரு. அதனால காலத்தை டெக்ஸ்ட்டா மாத்திட்டு, 0 இருந்தா எடுத்து, இடைவெளி, கோடு எல்லாம் நீக்கி, கடைசியா 91 சேர்த்தேன். எல்லாக் காலும் கச்சிதமாப் போச்சு. ரெண்டு நாள் காலரைத் தூக்கி விட்டுட்டுத் திரிஞ்சேன்.

மூணாவது நாள் அன்னூர்ப் பக்கத்துல இருந்து ஒரு அம்மாயி கூப்பிட்டாங்க. "ஏங்கண்ணு, எம்பேருல பதினெட்டாயிரம் கடன் இருக்குதுங்கறீங்க? நான் உங்க ஆபீசு வாசப்படியே மிதிச்சதில்லீங்களே" ன்னு குரல் நடுங்குது. பேரன் சிம் வாங்கிக் குடுத்து மூணு மாசம்தான் ஆச்சாம். ஷீட்ல நம்பர் சரி, ஒரு இலக்கம்கூடத் தப்பில்ல. ஆளு மாறிட்டாரு.

நிறுத்தின நம்பரை 90 நாளைக்கு வேற யாருக்கும் தர்றதில்லைன்னு 2023-ல் ட்ராய் சுப்ரீம் கோர்ட்டில் சொல்லியிருக்கு. அதுக்கப்புறம் தரலாம். நம்ம ஷீட்டுக்கு அது எப்படித் தெரியும்?

பாகிஸ்தான் தப்புக்குச் சிரிச்ச எனக்கு இதுக்குச் சிரிப்பு வரல. நம்ம ஊர்ல கடன் இருக்கிறது பெருசில்ல, அடுத்தவனுக்குத் தெரிஞ்சாத்தான் பெருசு. முகம் தெரியாத ஒருத்தரோட பாக்கியை, பேரோட சேத்து, இன்னொரு வீட்டுத் திண்ணையில போய் நான் வாசிச்சிருக்கேன்.

"முதல்ல பேரை மட்டும் சொல்லி, அவங்கதானான்னு கேட்டு, 1 அழுத்தினா மட்டும் பேசலாம். அப்பவும் போன்ல தொகை வேண்டாம், ஆபீசுக்குக் கூப்பிடச் சொல்லலாம்" ன்னு ஓனர்கிட்டச் சொன்னேன். "காலுக்குக் காசு கூட ஆகுமே தம்பி" ன்னார். அந்த அம்மாயி பேசினதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் காலண்டரையே பாத்துட்டு, "சரி, மாத்திப்போடு" ன்னார்.

அம்மாயிக்கு நானே கூப்பிட்டு, கடன் உங்களுது இல்லீங்க, லிஸ்ட்ல இருந்து உங்க நம்பரை எடுத்தாச்சுங்கன்னேன்.

"அப்ப அந்தப் பையனுக்கு யாரு கண்ணு சொல்றது? வட்டி ஏறுமல்லோ?" ன்னு கேட்டாங்க. பழைய அப்ளிகேஷன் ஃபாரத்துல விலாசம் இருக்கு. சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பாக்கணும்.